பனித்துளிச் செடி பூத்திருக்கிறது: தண்டை வெட்டலாமா, விதைக்கு விடலாமா?

(நமது சங்கத்தின் மாடித்தோட்டக் குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியாகிறது.)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தாவரவியல் படித்தவன் அல்ல. படித்தது பி.காம்., உட்கார்ந்தது வங்கி கவுண்டரில். ஓய்வு பெற்ற பிறகு பால்கனியில் தொட்டி வைக்கத் தொடங்கி, கடந்த ஆறு வருடமாகப் பூச்சி தின்னும் செடிகளை வளர்த்து வருகிறேன். கையால் செய்து தெரிந்துகொண்டதையும், புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

இந்தத் தலைப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வருடம் நம் குடியிருப்பில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பனித்துளிச் செடி பரிசாகக் கொடுப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பாடப் புத்தகத்தில் டிரோசிரா என்று வருமே, அதே செடிதான். இன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு வீடுகளிலாவது அது இருக்கும். இப்போது பல வீடுகளில் நடுவிலிருந்து ஒரு தண்டு நீண்டு வளர்ந்து நிற்கிறது. "சார், பூக்க விட்டால் செடி செத்துவிடுமாமே, வெட்டிவிடட்டுமா?" என்று லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். சிலர் வீட்டில் பூத்து முடிந்து செடி காய்ந்தும் போய்விட்டது. தொட்டியோடு குப்பைக் கூடைக்கும் போய்விட்டது. அந்தக் காய்ந்த தண்டில் இன்னும் நூறு செடிக்கு விதை இருந்திருக்கும் என்பதைச் சொல்லத்தான் இந்த இருபது நிமிடத்தைக் கேட்டு வாங்கினேன்.

செடியைப் பற்றி இரண்டு வார்த்தை. டிரோசிரா என்ற பெயர் பனித்துளி படிந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இலை முழுக்க மெல்லிய ரோமங்கள், ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் ஒரு பசைத்துளி. கொசுவோ சிறு ஈயோ வந்து உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். ரோமங்கள் மெல்ல வளைந்து அதை அமுக்கும். இலையில் சுரக்கும் நீர் பூச்சியைக் கரைக்க, கரைந்த சத்தை இலை உறிஞ்சிக்கொள்ளும். இது நம் ஊருக்குப் புதிய செடியும் அல்ல. பர்மன்னி, இண்டிகா என்ற இரண்டு வகைகள் தமிழ்நாட்டுச் சமவெளியிலேயே, மழைக்குப் பின் ஈரம் நிற்கும் மணற்பாங்கான இடங்களில் முளைக்கின்றன. பெல்டேட்டா என்ற வகை நீலகிரி, கொடைக்கானல் புல்வெளிகளில் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் அழுகண்ணி என்று சொல்லப்படும் மூலிகை இந்தக் குடும்பத்துச் செடிதான் என்று பலர் கருதுகிறார்கள். கண்ணீர் துளிர்த்து நிற்பது போன்ற அந்த இலையைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்று தோன்றும்.

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். இந்தச் செடி வைத்தால் வீட்டில் கொசு ஒழியுமா? ஒழியாது. கொசுவலையை விற்றுவிடாதீர்கள்.

சரி, இவ்வளவு பூச்சியைப் பிடித்து இந்தச் செடி என்ன செய்கிறது? பசியாறுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் சாப்பாடு மற்ற செடிகளைப் போல வெயிலிலிருந்துதான் வருகிறது. அது வளரும் மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. அந்தப் பற்றாக்குறையைத்தான் பூச்சியிலிருந்து ஈடுகட்டிக்கொள்கிறது. ஈடுகட்டியதை எதில் செலவழிக்கிறது என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கணக்கு என்றால் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார்லஸ் டார்வின் 1875-ல் பூச்சி உண்ணும் தாவரங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். பூச்சி பிடிப்பதால் செடிக்கு உண்மையிலேயே லாபம் உண்டா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அவர் மகன் ஃபிரான்சிஸ் டார்வின் 1877-ல் ஒரு சோதனை செய்தார். ஐரோப்பாவில் வளரும் ரோட்டண்டிஃபோலியா வகைச் செடிகளைச் சூப் தட்டுகளில் பாசியோடு நட்டார். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு சிறு தடுப்பு வைத்தார். ஒரு பாதிக்கு மட்டும் வறுத்த இறைச்சியைப் பொடிப்பொடியாகக் கிள்ளி இலையில் வைத்தார், மறுபாதிக்கு ஒன்றும் கிடையாது. வெளிப் பூச்சி வராமல் எல்லாவற்றையும் சல்லாத் துணியால் மூடினார். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். பருவம் முடிந்ததும் எண்ணியும் எடை போட்டும் பார்த்தார்.

பட்டினிச் செடிகளுக்கு 100 என்று வைத்துக்கொண்டால், சாப்பிட்ட செடிகளுக்கு வந்தது இது. பூத்தண்டை நீக்கிவிட்டுப் பார்த்தால் செடியின் எடை சுமார் 121. பூத்தண்டுகளின் எண்ணிக்கை சுமார் 165. விதைகளின் எண்ணிக்கை சுமார் 241. விதைகளின் மொத்த எடை சுமார் 380.

இந்த நான்கு எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். செடியின் உடம்பு ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. விதையின் எடையோ கிட்டத்தட்ட நான்கு மடங்கானது. வந்த வருமானத்தில் கொஞ்சத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு பெரும்பகுதியைப் பிள்ளைகள் பெயரில் போட்டிருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் செய்தது போலத்தான். அதன் வேட்டையெல்லாம் விதைக்காகத்தான் என்று தெரிந்த பிறகு, அந்தத் தண்டின் மேல் கத்தரிக்கோலை வைக்கும்முன் ஒரு நிமிடமாவது யோசிப்போம் அல்லவா?

இனி பூவைப் பார்ப்போம். தண்டு முதலில் நத்தைக் கூடு போலச் சுருண்டு வரும், வளர வளரச் சுருள் அவிழும். நம்மில் பலர் வீட்டில் இருப்பது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கேபென்சிஸ் வகை. நீளமான இலை, இளஞ்சிவப்புப் பூ. அதன் தண்டு ஓர் அடி வரை எழும்பும். மொட்டுகள் வரிசையாக இருக்கும், கீழிருந்து மேலாகத் தினம் ஒன்றோ இரண்டோ மலரும். நல்ல வெயில் இருந்தால் காலையில் விரியும், மாலைக்குள் மூடிக்கொள்ளும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் வாழ்வு. ஆபீசுக்குப் போகிறவர்கள் "எங்கள் செடி மொட்டோடு நிற்கிறது, பூக்கவே இல்லை" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர்கள் இல்லாத நேரத்தில் பூத்து முடிந்திருக்கும்.

தண்டு இவ்வளவு உயரமாக இருப்பது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கீழே இலையில் பசை இருக்கிறது, மகரந்தம் கொண்டுவரும் பூச்சியே அதில் மாட்டிக்கொண்டால் வம்பாகிவிடும் என்று பூவைத் தள்ளி வைத்திருக்கிறது என்பது ஒரு விளக்கம். உயரத்தில் இருந்தால் பூச்சியின் கண்ணில் சீக்கிரம் படும், உயரத்துக்கு முக்கியக் காரணம் அதுதான் என்பது ஆராய்ந்தவர்கள் சொல்லும் இன்னொரு விளக்கம். எப்படியானாலும் செடிக்கு இரண்டு லாபமும் கிடைக்கிறது.

நான்காவது மாடி பால்கனியில் மகரந்தம் கொண்டுவரப் பூச்சி எங்கே வரும் என்ற கவலை வேண்டாம். கேபென்சிஸ், ஸ்பாட்டுலேட்டா, பர்மன்னி, இண்டிகா ஆகியவை தன் மகரந்தத்தாலேயே விதை பிடிப்பவை. மாலையில் பூ மூடும்போது வாடும் இதழ்கள் உள்ளே அழுத்த, மகரந்தப்பை சூல்முடியில் உரசும். வேலை முடிந்தது. இந்தக் குடும்பத்தில் சில வகைகளில் மேகமூட்டமான நாட்களில் மொட்டு விரியாமலே கூட விதை பிடித்துவிடும்.

எல்லா வகையும் அப்படியல்ல. ஆஸ்திரேலியாவின் பைனேட்டா, இலை கவட்டை போலப் பிரிந்திருக்கும், வெள்ளைப் பூ பூக்கும். அழகான பூ, ஆனால் பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்காது. அதன் பூவுக்கு வேறொரு பைனேட்டாச் செடியின் மகரந்தம் வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் செடியிலிருந்து வேரைப் பிரித்து பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தால், அதுவும் இதுவும் ஒரே செடிதான், தொட்டிதான் இரண்டு. அதன் மகரந்தம் உதவாது. அடெலே என்ற வகையிலும் இதே கதை, தனியாக வைத்தால் விதை வராது. ஆனால் வேரிலிருந்து கன்று விட்டுத் தொட்டியை நிரப்பிவிடும்.

கலப்பினங்களின் கதை இன்னும் சுவையானது. ஜப்பானில் ரோட்டண்டிஃபோலியாவும் ஸ்பாட்டுலேட்டாவும் இயற்கையில் கலந்து ஒரு வகை உண்டானது. முதலாவதின் செல்லில் 20 குரோமோசோம், இரண்டாவதில் 40. ஆளுக்குப் பாதி போட்டால் பிள்ளைக்கு 30. இதைச் சரியாக ஜோடி பிரிக்க முடியாது, அதனால் விதை பிடிக்காத மலடாகிவிடும். அந்தக் கலப்பில் எப்போதோ குரோமோசோம் இரட்டித்து 60 ஆனது. இப்போது ஜோடி சேர்ந்துவிட்டது, விதையும் தாராளமாகப் பிடிக்கிறது. டோக்காயென்சிஸ் என்று அதற்குப் பெயர், வளர்ப்பவர்களிடம் பரவலாக இருக்கும் செடி. கணக்கு இடித்ததால் நின்ற குலம், கணக்கு நேரானதும் தழைத்துவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெட்டலாமா, விடலாமா?

செடி புதிதாக வாங்கியது, தொட்டி மாற்றி இரண்டு மூன்று வாரமே ஆகிறது, இலையில் பசைத்துளி இல்லை, வாடிக் கிடக்கிறது என்றால் தண்டை அடியில் வெட்டிவிடுங்கள். நோயில் கிடக்கிறவர் தலையில் கல்யாணச் செலவை வைக்கக் கூடாது. செடி தேறினால் பிறகு மறுபடி தண்டு விடும்.

கேபென்சிஸ், ஸ்பாட்டுலேட்டா போலப் பல வருடம் வாழும் வகை, இலையெல்லாம் துளிர்ப்பாக இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். பூப்பதால் அது சாகாது. மூன்று நான்கு தண்டு வந்தால் ஒன்றை மட்டும் விதைக்கு வைத்துக்கொண்டு மற்றதை வெட்டலாம். ஒரு தண்டிலேயே நூற்றுக்கணக்கில் விதை கிடைக்கும்.

பர்மன்னியோ இண்டிகாவோ என்றால் வெட்டவே வெட்டாதீர்கள். பர்மன்னி தரையோடு ஒட்டி ஆப்பு வடிவ இலைகளுடன் வட்டமாக இருக்கும். இண்டிகா ஒல்லியாக மேலே வளரும். இரண்டும் அற்ப ஆயுசு. சில மாதங்களில் முளைத்து, வளர்ந்து, பூத்து, விதை சிந்திவிட்டு முடிந்துவிடும். அதை நீங்கள் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் வெகுநாள் நிற்காது. விதை எடுத்தால் உங்கள் வீட்டில் அந்த வம்சம் தொடரும், எடுக்காவிட்டால் அத்தோடு சரி. பிள்ளைகள் "செடி செத்துப்போச்சு" என்று அழும்போது, "வா, அதன் விதையை எடுப்போம்" என்று சொல்ல முடிவது பெரிய விஷயம். காய்ந்த செடியைக் குப்பையில் போடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

விதை எடுப்பது எளிது. பூ வாடியபின் சூலகம் பருத்து, நான்கு முதல் ஆறு வாரத்தில் பழுப்பாகிக் காய்ந்துவிடும். நுனி வெடிக்க ஆரம்பிக்கும் சமயம் தண்டோடு நறுக்கி, மடித்த வெள்ளைத் தாளின் மேல் வைத்து விரலால் தட்டுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், தும்மல் வந்தால் தள்ளிப் போங்கள். கறுப்புத் தூள் போல விழுவதுதான் விதை. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளிறிய தவிடு போல மட்டும் விழுந்தால் அது பதர், விதை பிடிக்கவில்லை என்று அர்த்தம். காசு கொடுத்து விதைப் பொட்டலம் வாங்குகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள். நாம் வளர்க்கும் வகைகளின் விதை என்று சொல்லி யாராவது கேழ்வரகு அளவில் மணிகளைக் கொடுத்தால் அது வேறு எதுவோ.

எடுத்த விதையைச் சிறிய காகித உறையில் போட்டு, செடியின் பெயர், எடுத்த தேதி இரண்டையும் எழுதுங்கள். தேதி இல்லாத சீட்டுக்கு வங்கியிலும் மதிப்பில்லை, விதையிலும் மதிப்பில்லை. உறையைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம்.

விதைப்பதில் நாம் வழக்கமாகச் செய்வதற்கு நேர்மாறான இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, மண்ணால் மூடக் கூடாது. இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும், ஈரமான மேற்பரப்பில் தூவி அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டு, உரம் கூடவே கூடாது. மண்புழு உரம், சாணம், டீத்தூள் எதுவும் வேண்டாம். பீட் மாஸ் ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய சிலிக்கா மணலோ பெர்லைட்டோ ஒரு பங்கு, அவ்வளவுதான். தென்னைநார்த் தூள் போடுவதென்றால் அதிலுள்ள உப்புப் போகப் பலமுறை அலசிய பிறகே போடுங்கள். சிமெண்டுத் தொட்டியும் மண்தொட்டியும் உப்பை விடும், பிளாஸ்டிக் தொட்டி நல்லது.

தண்ணீரில்தான் நம் ஊரில் பெரும்பாலான செடிகள் போகின்றன. போர்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் இதற்கு விஷம். கரைந்த உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., 50-க்குள் இருந்தால் நல்லது. மழைத் தண்ணீர் முதல் தரம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு வாளி பிடித்து மூடி வையுங்கள். அதற்கு அடுத்தது நம் எல்லோர் வீட்டிலும் வீணாகச் சொட்டும் ஏ.சி. தண்ணீர். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு இல்லை. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

தொட்டியை ஒரு தட்டில் வைத்து, தட்டில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க விடுங்கள். நான்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை தட்டைக் கவிழ்த்துக் கழுவி மறுபடி ஊற்றுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான். கொசு பிடிக்கும் செடிக்கடியில் கொசு வளர்த்தோம் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

கேபென்சிஸ், பர்மன்னி, ஸ்பாட்டுலேட்டா விதைகள் இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைக்கும். குண்டூசித் தலையை விடச் சிறிய கன்றாக இருக்கும், அதிலும் பசைத்துளி மின்னும். பிள்ளைகளிடம் ஒரு பூதக்கண்ணாடி கொடுத்துக் காட்டுங்கள். குளிர்நாட்டு வகையான ரோட்டண்டிஃபோலியாவின் விதைக்கு முளைக்கும்முன் சில வாரம் ஈரத்தோடு குளிர்ச்சி வேண்டும், வளர்ந்தாலும் நம் சித்திரை வெயிலைத் தாங்காது. அதில் பணம் போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தாராளமாக விதைக்கும் செடி, விட்டால் களையாகவும் ஆகும். கேபென்சிஸ் நியூசிலாந்தில் பரப்பக் கூடாத களைகளின் பட்டியலில் இருக்கிறது. எனவே உபரி விதையை ஊட்டிப் பக்கமோ ஏரிக்கரையிலோ தூவி "இயற்கைக்குத் திருப்பிக் கொடுத்தேன்" என்று செய்ய வேண்டாம். தொட்டிச் செடி தொட்டியிலேயே இருக்கட்டும்.

அதேபோல, காட்டிலிருக்கும் செடி காட்டிலேயே இருக்கட்டும். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மழைக்காலத்தில் ஊட்டி, கொடைக்கானல் போகும்போது புல்வெளியில் பெல்டேட்டாவைப் பார்த்துவிட்டால், ஒன்றைக் கிழங்கோடு தோண்டி எடுத்து வரலாம் என்று கை பரபரக்கும். மலைக் குளிரில், வருடத்தில் சில மாதம் கிழங்காக மண்ணுக்குள் உறங்கி எழும் செடி அது. இங்கே கொண்டுவந்தால் ஒரு கோடையைத் தாண்டாது. போவது அந்த ஒரு செடி மட்டுமல்ல, அது அந்த இடத்தில் சிந்தியிருக்க வேண்டிய விதையும் சேர்ந்து போகிறது. கேட்பதற்கு ஆள் இருந்தால் தோண்டி விற்கவும் ஆள் வருவார்கள். வீட்டிலேயே விதையெடுத்து வளர்த்த செடி பக்கத்து வீட்டில் இலவசமாகக் கிடைத்தால், தோண்டி வந்த செடியை யார் வாங்கப் போகிறார்கள்?

ஆகவே என் வேண்டுகோள் இது. இந்த முறை தண்டு விட்டிருப்பவர்கள் ஒரு தண்டையாவது முற்ற விடுங்கள். விதையைப் பெயரும் தேதியும் எழுதிய உறையில் போட்டுச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அங்கே ஒரு டப்பா வைக்கச் செயலாளர் அம்மா சம்மதித்திருக்கிறார். யார் கொடுத்தது, யார் எடுத்தது என்று ஒரு நோட்டில் நான் பதிந்து வைக்கிறேன், அந்தப் பழக்கம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. பைனேட்டா வைத்திருப்பவர்கள் எந்த நர்சரியில், எப்போது வாங்கியது என்று தெரிவித்தால், வேறு வேறு செடிகளாக இருக்கும் இரண்டு வீடுகளை இணைத்து விடலாம். பூக்கும் நாளில் ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டு இரண்டு மாடி ஏறினால் போதும்.

அடுத்த பிறந்தநாளுக்குக் கடையில் தேட வேண்டாம். உங்கள் பிள்ளை தானே விதைத்து முளைக்க வைத்த செடியைத் தன் தோழனுக்குக் கொடுக்கட்டும்.